ஐந்தாவது ஆட்டம்

என் வீட்டுக்காரர் இருபத்தொரு வருஷம் கால்பந்து ஆட்டக்காரராக இருந்தார். அதில் நாலே நாலு ஆட்டம் ஆடினார். மற்ற நாளெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கேட்டுச் சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். நான் சிரித்து, அழுது, அலுத்து, எல்லாம் ஆயிற்று.

பெயர் தனசேகரன். அவர் வேலை பார்த்த சர்க்கார் இலாகாவின் பட்டியலில் ‘தான் நாயிங்’ என்று பர்மியப் பெயர் இருக்கும். பர்மாவில் எங்கள் தமிழ் ஆட்களில் பாதிப் பேருக்கு இப்படி வீட்டுக்கு ஒன்று, வெளிக்கு ஒன்று என்று இரண்டு பெயர். கூட ஆடுகிறவர்கள் கோ தனா, அதாவது தனா அண்ணன் என்று கூப்பிடுவார்கள். ஆள் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. கை இரண்டும் நீளம். கோலுக்கு நடுவில் நிறுத்தினால் பாதிக் கோலை அடைத்துக்கொள்வார். அந்தக் கையை நம்பித்தான் என் அப்பா பெண் கொடுத்தார்.

1988இல் அணியில் சேர்ந்தார். ஊர் கலவரப்பட்டுக் கிடந்த வருஷம். ஆபீசும் இல்லை, ஆட்டமும் இல்லை. சேர்ந்த அன்றைக்கே உட்கார ஆரம்பித்தவர்தானே என்று நான் பின்னால் குத்திக் காட்டுவேன். அடுத்த வருஷம் எங்களுக்குக் கல்யாணம். ரங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில், ரயில் தண்டவாளத்தை ஒட்டி, இலாகாவின் லைன் வீட்டில் ஓர் அறைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். பத்துக்குப் பன்னிரண்டு அடி. மாமியார் பவுனம்மாள், நாங்கள் இருவர், பிறகு பிறந்த இரண்டு பெண்கள், அத்தனை பேரும் அதற்குள்தான். ரயில் போகும்போது அலமாரியில் தட்டெல்லாம் கடகடவென்று ஆடும். ஆனாலும் சிமெண்டுத் தரை, ஒழுகாத கூரை, எட்டிப் பிடிக்கிற தூரத்தில் மார்க்கெட், வாசலில் பஸ். என் அப்பா வீட்டில் மழைக்காலத்தில் கட்டில்மேல் அடுப்பை வைத்துச் சமைத்தவள் நான். எனக்கு அந்த அறை அரண்மனை.

அறை வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். அப்போதெல்லாம் ரங்கூனில் பந்து ஆடுவதென்றால் ஏதாவது ஒரு சர்க்கார் இலாகாவுக்குத்தான் ஆட வேண்டும். காலையில் பயிற்சி, அப்புறம் ஆபீசில் மேசைக்கு மேசை ஃபைல் தூக்குவது. எங்கள் இலாகாவில் அந்த வேலை தற்காலிகம். அணிப் பட்டியலில் பெயர் இருக்கிற வரைக்கும் லைனில் அறை உண்டு. பெயரை எடுத்துவிட்டால் ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும். ஆனால் லீக்கில் ஐந்து ஆட்டம் ஆடிவிட்டால் வேலை நிரந்தரமாகும். நிரந்தரமானவரை அறுபது வயது வரைக்கும் அறையை விட்டு எவரும் அசைக்க முடியாது. ஐந்தே ஆட்டம்! முன்னால் ஓடி ஆடுகிறவர்களுக்கு இரண்டு மாதத்தில் முடிந்துபோகிற காரியம். கோல்கீப்பருக்கு அப்படியா? கோலுக்குள் ஒருவர்தான் நிற்கலாம். அந்த ஒருவருக்கு ஏதாவது ஆனால்தான் அடுத்தவருக்கு இடம்.

எங்கள் அணியில் அந்த ஒருவர் ஜுல்ஃபிகர். அவர்தான் முதல் கோல்கீப்பர், இவர் இரண்டாவது. ஜுல்ஃபிகரும் நம் தமிழ் ஆள்தான், பாட்டன் காலத்தில் ஜவுளி விற்க வந்த முஸ்லிம் குடும்பம். லைனில் எங்களுக்கு அடுத்த அறை. அவர் மனைவி ருக்சானாவும் நானும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே கல்லில் துணி துவைத்தவர்கள். நல்ல மனிதர், ஒரு சுடுசொல் கிடையாது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்தால் கரித்துக் கொட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இவருக்குச் சளி பிடிக்காது, கால் பிசகாது, மழையில் ஊறினாலும் தும்மல் வராது. ரம்ஜான் நோன்பு வைத்துக்கொண்டே தொண்ணூறு நிமிஷம் நிற்பார். பெருநாளைக்கு ருக்சானா பிரியாணி கொடுத்தனுப்புவாள். அதைச் சாப்பிட்டுக்கொண்டே, இந்த மனிதருக்கு லேசாக, ரொம்ப வேண்டாம், ஒரு பதினைந்து நாளைக்கு மட்டும் ஏதாவது ஆகக் கூடாதா என்று நினைத்திருக்கிறேன். ஒரு தடவை அல்ல, பல தடவை. பாவி என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

முதல் ஆட்டம் 1990இல் வந்தது. ஜுல்ஃபிகருக்கு மலேரியா. இவர் நின்றார், ஜெயித்தோம். இரண்டாவது, ஜுல்ஃபிகரின் தங்கை கல்யாணத்தன்று. மூன்றாவது, ஜுல்ஃபிகரை நடுவர் ஒரு ஆட்டத்துக்கு வெளியே உட்கார வைத்தபோது. அந்த மூன்றிலும் இவர் ஒன்றும் மோசமில்லை. ஸயா ஊ ஓன் பே, அதுதான் பயிற்சியாளர், வீட்டுக்கே வந்து டீ குடித்துவிட்டுப் பாராட்டிவிட்டுப் போனார். மூன்றுக்கும் நடுவில் மூன்று வருஷம் ஓடியதையும் சொல்ல வேண்டும்.

நாலாவது 1995இல். ஜுல்ஃபிகருக்கு விரலில் எலும்பு விலகியிருந்தது. ஆட்டம் ஆங் சான் மைதானத்தில். அங்கே கூட்டம் கத்தினால் எங்கள் லைன் வரைக்கும் கேட்கும். சின்னவளுக்கு அம்மை போட்டிருந்ததால் நான் போகவில்லை. வீட்டில் இருந்தபடியே காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சத்தம் வந்தது. பிறகு ஒன்று. மொத்தம் ஆறு தடவை கூட்டம் குதித்தது. நம் ஆட்கள் வெளுத்து வாங்குகிறார்கள் என்று நினைத்து, இருந்த சேமியாவைப் போட்டுப் பாயசம் வைத்தேன். ஆறும் எங்கள் கோலுக்குள் போனது. ஆறாவது மெதுவாக உருண்டு வந்து இவர் இரண்டு காலுக்கு நடுவே போயிருக்கிறது. ஆறாவது தடவை வந்தது ஆரவாரம் இல்லை, சிரிப்பு. மனிதர் வீட்டுக்கு வந்து கால் கழுவினார். பாயசத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் இரண்டு கிண்ணம் குடித்தார். "நல்லா இருக்கு" என்றார். எனக்கு ஜுல்ஃபிகர் வந்து சொன்ன பிறகுதான் விஷயம் தெரியும்.

அதற்குப் பிறகு காலையில் பயிற்சிக்குக் கிளம்புகிற நேரம் இவருக்குக் குமட்டும். முனையில் மொஹிங்கா, அதாவது மீன் குழம்பில் நூடுல்ஸ், விற்கிறவளிடம் மீன் பழசு போலிருக்கிறது என்று போய்ச் சண்டை பிடித்தேன். அவளும் விடவில்லை. ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை.

1997 பிறந்ததும் ஆபீசில் ஒரு பேச்சு அடிபட்டது. மேலதிகாரி மாறுகிறார், ஆட்டக்காரர்களை நிரந்தரமாக்குவது இந்த வருஷத்தோடு சரி, இனிமேல் கிடையாது. எட்டு வருஷத்தில் நாலு ஆட்டம் ஆடியவர் சில மாதத்தில் ஒன்று எங்கே போய் ஆடுவார்? இரண்டு பெண்களையும் வயதான அத்தையையும் கூட்டிக்கொண்டு எங்கே போவது? அன்றைக்கே கோயிலுக்குப் போய் மாரியம்மன் முன்னால் நின்றேன். இவருக்கு அந்த ஒரு ஆட்டத்தைக் கொடு தாயே, இந்தப் பங்குனியிலேயே இவர் தீ மிதிப்பார் என்று வேண்டிக்கொண்டேன். என்னுடைய காலை வேண்டிக்கொள்ளவில்லை பாருங்கள். என் வாயால் அவர் காலை நேர்ந்துகொண்டேன். எங்கள் பெண்பிள்ளைகள் எல்லோரும் இப்படித்தான். பிள்ளைக்கு மொட்டை, புருஷனுக்கு அலகு, தம்பிக்குக் காவடி. நேர்வது நாம், சுமப்பது அவர்கள்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் ஜுல்ஃபிகர் எங்கள் வாசலில் வந்து நின்றார். அந்த வருஷ லீக்கின் கடைசி ஆட்டத்துக்குத் தனக்கு முதுகு பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிடப் போவதாகவும், ஸயாவிடம் ஜாடையாகப் பேசியாகிவிட்டது, அவரும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார் என்றும் சொன்னார். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாத ஆள். சொல்லும்போதே காது சிவந்துபோயிற்று. நான் அவரைப் பற்றி நினைத்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. அவர் காலில் விழுந்திருப்பேன், ருக்சானா பக்கத்தில் நின்றதால் விழவில்லை. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "சரி, ஜுல்ஃபி" என்றார். நன்றியில்தான் குனிகிறார் என்று நினைத்தேன்.

கடைசி ஆட்டம் பங்குனித் திருவிழா முடிந்து எட்டு நாள் கழித்து, இதே ஆங் சான் மைதானத்தில். அம்மன் கொடுத்துவிட்டாள், நாமும் தள்ளிப்போடக் கூடாது என்று நான் பரபரத்தேன். கொடியேற்றத்தன்று இவரைக் குளிக்க வைத்து, மஞ்சள் வேட்டி கட்டி, கோயிலுக்குக் கூட்டிப்போய்க் காப்புக் கட்ட வைத்தேன். மஞ்சளில் நனைத்த நூலில் ஒரு மஞ்சள் துண்டைக் கோத்துப் பூசாரி மணிக்கட்டில் கட்டுவார். கட்டிவிட்டால் பத்து நாளைக்கு, தீ மிதிக்கும் வரை, கவிச்சி கிடையாது, பாயில் படுக்கை, சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. முக்கியமாக ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் குடும்பத்துக்கு ஆகாது. அத்தைக்கு அதில் மறுபேச்சே கிடையாது.

காப்புக் கட்டிய மூன்றாம் நாள் ஆபீசிலிருந்து தாள் வந்தது. மைதானத்தில் வேறு ஏதோ விழா, அதனால் ஆட்டத்தை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தீ மிதிக்கு இரண்டு நாள் முன்னால். இடம் மாந்தலே.

மாந்தலே என்றால் நானூறு மைல். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ரயில். நான் அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நேரே கோயில் தலைவர் அப்பாசாமி ஐயா வீட்டுக்குப் போனேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. எல்லை எல்லை என்கிறீர்களே, எது எல்லை என்று கேட்டேன். ஒன்று சொல்ல வேண்டும். ரங்கூனில் ஊர் எல்லை என்பது அவரவர் வசதி. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே அப்பாசாமி ஐயா காப்போடு ஆற்றைத் தாண்டி டாலாவுக்குப் போய், மைத்துனர் வீட்டு நில விவகாரத்தைப் பேசிவிட்டுப் படகில் திரும்பி வந்தார். கேட்டதற்கு, டாலாவும் நம் எல்லைக்குள்தான் என்று கமிட்டி கூடித் தீர்மானம் போட்டது. உங்களுக்காக ஆற்றைத் தாண்டின எல்லை எங்களுக்காக மாந்தலே வரைக்கும் வரக் கூடாதா என்று கேட்டேன். ஐயாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவர் மனைவி உள்ளே சிரித்தது கேட்டது.

ஆனாலும் மனிதர் இரக்கமில்லாதவர் அல்ல. ஒரு வழி சொன்னார். காப்பை அவிழ்த்து எறிய முடியாது, ஆனால் கட்டியவரின் ரத்த சொந்தமோ தாலி கட்டிக்கொண்டவளோ அதை வாங்கித் தன் கையில் கட்டிக்கொள்ளலாம். அவர் மிதிக்க வேண்டியதை அவள் மிதிக்க வேண்டும். அப்படி முன்னால் நடந்திருக்கிறது.

எங்கள் கோயிலில் பெண்கள் குழியைச் சுற்றி வருவார்கள், இறங்குகிறவர்கள் குறைவு. இருபத்தோரு அடிக் குழி. எனக்குச் சூடான சாதப் பானையைத் துணி இல்லாமல் தொடப் பயம். ஆனாலும் அப்போது ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காதவள் நான்தானே, நானே நடக்கிறேன் என்று தீர்மானம் செய்துகொண்டு, அங்கிருந்து ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன்.

இவர் வாசலில் குந்தி உட்கார்ந்து கையுறையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். அத்தை முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

"காப்ப என் கையில மாத்திக் கட்டிக்கலாமாம். நான் எறங்குறேன். நீங்க வண்டி ஏறுங்க."

கையுறையைப் பிழிந்தார். பிறகு என் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சேறும் வெடிப்புமாக இருந்தது, ஒரு விரலில் நகம் இல்லை.

"உன் கால நெருப்புல வச்சுட்டு நான் போயி ஆட வேணாம், பவானி" என்றார். "ரூம் போனாப் போவட்டும்."

எட்டு வருஷக் குடித்தனத்தில் அந்த மனிதர் என்னிடம் அப்படி ஒன்றைச் சொன்னதில்லை. நல்லா இருக்கு, சரி, ம், இவ்வளவுதான் அவர் பேச்சு. நான் குழாயடிக்குப் போய், தண்ணீரைத் திறந்து விட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதேன். அத்தை பின்னாலேயே வந்து, எம்மவன் மாதிரி ஒருத்தன் எவளுக்கு வாய்ப்பான் என்று கேட்டார். மற்ற நாளாக இருந்தால் பதில் கொடுத்திருப்பேன். அன்றைக்குச் சரி அத்தை என்றேன்.

மாந்தலேக்கு ஜுல்ஃபிகரே போனார். ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. திரும்பி வந்து, நான் பொய் சொன்னதுதான் மிச்சம், ஸயா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை. பங்குனி உத்திரத்தன்று இவர் குழியில் இறங்கினார். வேப்பிலைக் கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, மார்க்கெட்டுக்குப் போகிறவர் மாதிரி நிதானமாக நடந்து அந்தப் பக்கம் ஏறினார். ஒரு கொப்புளம் இல்லை. பயமே இல்லாத ஆள் என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது.

ஜூன் மாதம் உத்தரவு வந்தது. அடிபட்ட பேச்சு உண்மைதான். இனி எத்தனை ஆட்டம் ஆடினாலும் நிரந்தரம் கிடையாது. நாலு ஆட்டத்தோடு நாங்கள் நின்றுபோனோம்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷத்தை எப்படிச் சொல்வது? சொல்ல ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வருஷமும் பட்டியல் போடுகிற மாதம் வந்தால் எனக்குச் சோறு இறங்காது. ஸயா ஊ ஓன் பே இரக்கப்பட்டு இவர் பெயரைக் கடைசியில் வைத்துக்கொண்டே வந்தார். அந்த இரக்கத்துக்கு இவர் உழைத்தார். வலை கட்டுவார், கோட்டுக்குச் சுண்ணாம்பு போடுவார், ஐஸ் உடைப்பார், எல்லோருடைய சட்டையையும் மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார், நான் துவைப்பேன். பதினெட்டுச் சட்டையில் பதினேழில் சேறு இருக்கும், ஒன்றில் இருக்காது. அந்த ஒன்றையும் சேர்த்துத்தான் துவைத்தேன். ஜுல்ஃபிகர் 2003இல் ஆட்டத்தை விட்டு மேசைக்குப் போனார். புதிதாக வந்த கோல்கீப்பருக்கு அடிபட்ட இரண்டு தடவை ஸயா பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாராம். முழங்கால் வலி என்று சொல்லிவிட்டாராம் இவர். வயது ஆகிறதே, பாவம் என்று நான் நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டேன்.

எனக்குள்ளே ஓடிக்கொண்டிருந்தது வேறு. இந்த மனிதரின் ஐந்தாவது ஆட்டத்தை நான் கெடுத்தேன். நான் அவசரப்பட்டுக் காப்புக் கட்ட வைக்காமல் இருந்திருந்தால் வண்டி ஏறியிருப்பார். வாயைக் கொடுத்து வீட்டைத் தொலைத்தவள் நான். அதன் பிறகு கோயிலுக்குப் போனால் கும்பிடுவேன், ஒன்றும் கேட்க மாட்டேன். கேட்கப் பயம். ஆனால் ஒன்று உண்டு. மனசு ரொம்பக் கசந்துபோகிற நாட்களில், பெண்கள் பர்மியில் வெடுக்கென்று பதில் சொல்லிவிட்டுப் போகிற நாட்களில், அத்தை படுக்கையாகக் கிடந்து போன அந்த வருஷத்தில், இவர் சொன்ன அந்த வார்த்தையை எடுத்து நினைத்துக்கொள்வேன். உன் கால நெருப்புல வச்சுட்டு நான் ஆட வேணாம். வீட்டை விட என் கால் பெரிது என்று ஒருவன் சொன்னான். எத்தனை பேருக்கு இது கிடைக்கும்? அதை வைத்துக்கொண்டு எதையும் தாங்கலாம் என்று இருந்தது, தாங்கினேன்.

2009இல் ஊரில் காசுக்கு ஆடுகிற கிளப்புகள் வந்தன. எங்கள் இலாகா அணியைக் கலைத்துவிட்டது. நிரந்தரமானவர்கள் அறையில் இருக்கலாம், மற்றவர்கள் ஜூன் முடிவதற்குள் காலி செய்ய வேண்டும் என்று தாள் ஒட்டினார்கள். முந்தின வருஷம் நர்கீஸ் புயல் அடித்தபோது அக்கம்பக்கத்துக் கூரையெல்லாம் பறந்து, எங்கள் லைன் மட்டும் நின்றிருந்தது. அதை விட்டு வந்தோம். ருக்சானா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஜுல்ஃபிகர் சாமானை லாரியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, இவர் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

ஊருக்கு வெளியே ஷ்வேப்யிதாவுக்கு வந்தோம். மூத்தவள் அங்கே தைக்கிற ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மூங்கில் தட்டிச் சுவர், மண் தரை, தகரத்தில் ஆணி ஓட்டைகள். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. பெண்கள் இருவரும் கடைக்குப் போயிருந்தார்கள். ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் ஒரு பாத்திரம் வைத்துக்கொண்டு வந்தேன். பானை, குண்டான், வாளி, எல்லாம் தீர்ந்துபோய்ச் சோற்றுத் தட்டு வரைக்கும் வந்துவிட்டது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதுவரைக்கும் வாய்விட்டு ஒரு நாளும் அவரிடம் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன். உங்கள் ஆட்டத்தைக் கெடுத்தது நான்தான், என்னால்தான் இந்தக் கதி, மன்னித்துவிடுங்கள் என்றேன்.

இவர் தகரத்தில் தார் அடைத்துக்கொண்டிருந்தார். முக்காலியிலிருந்து இறங்கினார். கையில் இருந்த தாரைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நீ கெடுக்கல" என்றார். "நாலாவது ஆட்டத்தோடயே எனக்கு முடிஞ்சுபோச்சு, பவானி. பந்து வந்தா கை எழும்பாது. ஜுல்ஃபி வந்து சொன்னானே, அன்னையிலருந்து எனக்குத் தூக்கம் இல்ல. மாந்தலேன்னு தாள் வந்தப்பதான் மூச்சே வந்துச்சு. காப்பு கையில இருக்கு, யாரும் ஒண்ணும் கேக்க முடியாதுன்னு."

எனக்கு முதலில் புரியவில்லை. நெருப்பில் நடந்தீர்களே என்று கேட்டேன். நெருப்பு அங்கேயே கிடக்கும், நம்மை நோக்கி வராது என்றார். அப்புறம் முழங்கால் வலி? அதுவும் இல்லையாம். நான் இத்தனை வருஷம் எண்ணெய் தேய்த்தது ஒன்றும் இல்லாத வலிக்கு.

ஏன் இப்போது சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இனிமே யாரும் என்னை ஆடக் கூப்பிட மாட்டாங்க" என்றார். "அதான்."

எனக்குக் கோபம் வந்ததா? வந்தது. குமட்டிக்கொண்டு நின்றவரைப் பக்கத்திலேயே படுத்திருந்து பார்த்தும் தெரிந்துகொள்ளவில்லையே என்று என்மேலும் வந்தது. ஒரு ஆள் பயந்துபோய்ப் பதினாலு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், அதை என்னிடம்கூடச் சொல்ல முடியாமல் இருந்திருக்கிறான் என்று நினைத்தால் பாவமாகவும் இருந்தது. அறை போனதுகூட அந்த நிமிஷம் பெரிதாகத் தெரியவில்லை. ஒன்றைத்தான் கேட்க வேண்டியிருந்தது. கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் என் வாய் என்றைக்கு நின்றிருக்கிறது?

"அப்ப, என் காலைப் பத்திச் சொன்னீங்களே?"

தரையைப் பார்த்தார். அந்த மனிதருக்குப் பொய் சொல்ல அப்போது ஒரு நல்ல வழி இருந்தது. அது நிஜம் என்று சொல்லியிருக்கலாம், இல்லாவிட்டால் தலையை ஆட்டியிருக்கலாம், நான் நம்பியிருப்பேன். என்ன செய்வது, உண்மையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார், அவருக்கு நிறுத்தத் தெரியவில்லை.

"அப்ப வாயில வந்தது அதுதான், பவானி" என்றார்.

மழை விடவில்லை. தட்டு நிறைந்து என் மடியில் வழிந்தது. அதை வெளியே ஊற்றிவிட்டு வந்து, அதே இடத்தில் வைத்தேன்.

"மத்ததெல்லாம் சொன்னீங்க, சரி" என்றேன். "அத மட்டும் நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்."